காலேஜ் கேம்பஸ்ல அவசரம்னா என்ன பண்றது: ஹாஸ்டல் பசங்களுக்கும் வார்டன்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

ஒரு ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், மூணாவது மாடியில ஒரு பையனுக்கு வீசிங், இன்ஹேலர் காலி. ரூம் பசங்க உடனே 108க்கு போன் போட்டாங்க, ஆம்புலன்ஸும் கால் மணி நேரத்துல வந்துருச்சு, ஆனா வந்தது மெயின் கேட்டுக்கு. ஹாஸ்டல் இருக்கறதோ கேம்பஸோட பின்பக்கம். அங்கயும் ஒரு கேட் உண்டு, பத்து மணிக்கு பூட்டிருவாங்க, சாவி எஸ்டேட் ஆபீஸ்ல, எஸ்டேட் ஆபீஸுக்கும் பூட்டு. மெயின் கேட்ல இருந்த செக்யூரிட்டி அண்ணன் அன்னிக்குத்தான் புதுசா டூட்டிக்கு வந்தவர், எந்த ஹாஸ்டல் எங்க இருக்குன்னு அவருக்கே தெரியல. வண்டி லைப்ரரி, கேன்டீன், மெக்கானிக்கல் பிளாக்னு ஒரு ரவுண்டு சுத்திட்டு இருக்க, கடைசியில பசங்க அவனை பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு அப்படியே தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. பையன் பொழச்சுட்டான், அது அவன் நேரம்.

நான் அப்ப அந்த ஹாஸ்டல்ல டெபுட்டி வார்டன். ஆறு வருஷம் அந்த வேலை பாத்தேன், எந்த காலேஜ்னு கேக்காதீங்க. அந்த ஆறு வருஷத்துல பாத்த அவசரம் பாதிக்கு மேல இப்படித்தான், சாவி எங்கன்னு தெரியாம, யார் ரூம்ல இருக்காங்கன்னு தெரியாம, யாருக்கு போன் பண்றதுன்னு தெரியாம நிமிஷம் போகும். அதனால இந்த வழிகாட்டியில முதல் பாதி முழுக்க சும்மா இருக்கற நாள்ல பண்ண வேண்டிய வேலை, அதை ஸ்கிப் பண்ணிட்டு பாம்பு பகுதிக்கு போயிராதீங்க.

முதல் வேலை: ஒரு ஞாயித்துக்கிழமை கேம்பஸை சுத்தி நடங்க

ரெண்டு மூணு பேரா போங்க, ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. உங்க பிளாக்குக்கு எத்தனை படிக்கட்டு, எது ராத்திரி பூட்டுவாங்க, மொட்டைமாடி கதவு திறந்து இருக்கா, எந்த கேட் வழியா ஆம்புலன்ஸ் உள்ள வர முடியும், அந்த கேட் சாவி ராத்திரி யார் கையில இருக்கு, இது எல்லாம் எழுதுங்க. நம்ம ஊர் ஹாஸ்டல்ல ஜன்னலுக்கு எல்லாம் கம்பி போட்டு வெல்ட் பண்ணிருப்பாங்க, அதனால வெளிய போக கதவு ஒண்ணுதான் வழி, அந்த வழியில கிரில் கேட் போட்டு பூட்டினா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. கும்பகோணத்துல 2004 ஜூலை 16 அன்னிக்கு ஸ்கூல் தீயில 94 குழந்தைங்க போனாங்களே, அங்க கூரை பத்திக்கிட்டது ஒரு பக்கம்னா, குறுகலான வழியில பசங்க தப்பிக்க முடியாம போனது இன்னொரு பக்கம். பெண்கள் ஹாஸ்டல்ல "பாதுகாப்புக்கு"ன்னு சொல்லி வெளிப்பக்கமா பூட்டற பழக்கம் இன்னும் சில இடத்துல இருக்கு, அதை எழுத்து மூலமா கேளுங்க, வாயில கேட்டா பதில் வராது. குறைஞ்சபட்சம் ஒரு சாவி உள்பக்கம், எல்லாருக்கும் தெரிஞ்ச ஆணியில தொங்கணும், அதுக்கு ஒரு கண்ணாடி பெட்டி போட்டா இன்னும் நல்லது.

அப்புறம் ஃபயர் எக்ஸ்டிங்குஷர். சும்மா செவப்பா தொங்குதுன்னு நம்பிராதீங்க. கிட்ட போய் பாருங்க: மேல இருக்கற மீட்டர்ல முள்ளு பச்சையில இருக்கா, பின் இருக்கா, சீல் இருக்கா, ஸ்டிக்கர்ல அடுத்த செக்கிங் தேதி தாண்டிருச்சா. எங்க பிளாக்ல ஒண்ணுல பின்னை யாரோ பைண்டிங் கம்பி வச்சு நாலு சுத்து சுத்தி முறுக்கி வச்சிருந்தாங்க, பசங்க விளையாடறாங்கன்னு. இன்னொண்ணுல ஹோஸ் வாயில குளவி கூடு கட்டிருந்துச்சு, மண்ணு காஞ்சு கல்லு மாதிரி. அதை கண்டுபிடிச்சது ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன், ஆடிட் பண்ண வந்தவங்க இல்ல. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்ல மீட்டர் இருக்காது, அதை எடை பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும், அது மெயின்டனன்ஸ் ஆளுங்க வேலை, ஆனா தேதி பாக்கறது நம்ம வேலை.

ரெண்டாவது: பேப்பர்ல எழுதி ஒட்டுங்க

போன்ல சேவ் பண்ணிட்டேன்னு சொல்லாதீங்க. போன் சார்ஜ் போயிரும், மயங்கி கிடக்கறவனோட போன் லாக்ல இருக்கும். ஒரு ஏ4 பேப்பர்ல எழுதி ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. 108 ஆம்புலன்ஸ், 101 ஃபயர், 100 போலீஸ், எதுவும் ஞாபகம் வரலைன்னா 112. மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. கேஸ் லீக்குக்கு 1906. கரண்ட் கம்பி அறுந்து விழுந்தா மின்வாரியத்தோட மின்னகம் 94987 94987. பெண்களுக்கு 181, ராகிங்குக்கு 1800 180 5522, மனசு சரியில்லன்னா 14416. இதுக்கு கீழ உங்க வார்டன், ஹெல்த் சென்டர், செக்யூரிட்டி ரூம், இந்த மூணு நம்பரை நீங்களே ஒரு தடவை டயல் பண்ணி பாத்துட்டு எழுதுங்க, ஏன்னா நோட்டீஸ் போர்டுல இருக்கற வார்டன் நம்பர் பல இடத்துல ரெண்டு வார்டனுக்கு முந்தின வார்டனோடது.

அதே பேப்பர்ல ரூம்மேட்ஸ் நாலு பேரோட பிளட் குரூப், என்ன மாத்திரை சாப்பிடறாங்க, எதுக்கு அலர்ஜி, வீட்டு நம்பர். ஃபிட்ஸ், சுகர், வீசிங் இதெல்லாம் ரூம்மேட் கிட்டயாவது சொல்லி வைங்கப்பா. வெக்கப்பட்டு மறைச்சுட்டு, விழுந்தப்புறம் டாக்டர் கேக்கறப்ப கூட இருக்கறவன் முழிக்கறான்.

மூணாவது: ஒவ்வொரு மாடிக்கும் நாலு பேர்

கமிட்டி, சேர்மன் எல்லாம் வேணாம். ஒருத்தன் போன் பண்றவன், ஒருத்தன் கேட்டுக்கு ஓடி வண்டியை கூட்டிட்டு வர்றவன், ஒருத்தன் தலை எண்றவன், ஒருத்தன் மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரிஞ்சவன். வீக்எண்ட்ல ஊருக்கு போறவன் பதிலுக்கு ஆள் சொல்லிட்டு போகணும்.

இதுல தலை எண்றதுதான் கஷ்டம். ஒரு தடவை ராத்திரி பதினொரு மணிக்கு டிரில் வச்சோம், எல்லாரும் வாலிபால் கோர்ட்டுக்கு வந்தாச்சு, ரெஜிஸ்டர்படி ஏழு பேர் குறையுது. கதவை தட்டி, பாத்ரூம் எல்லாம் தேடி, மொட்டைமாடி வரைக்கும் ஏறி இறங்கி பாத்தா ஆள் இல்ல. அரை மணி கழிச்சு அவனுங்களே காம்பவுண்ட் சுவர் ஏறி குதிச்சு வர்றானுங்க, வெளிய டீ குடிக்க போனானுங்களாம். நிஜமாவே தீ பிடிச்சிருந்தா அந்த ஏழு பேருக்காக யாராவது திரும்ப புகைக்குள்ள போயிருப்பாங்க. அன்னிக்கு ரூல் மாத்தினோம்: அவசர நேரத்துல "நான் வெளிய இருக்கேன்"னு மெசேஜ் போட்டா அதுக்கு ஃபைன் இல்ல, வீட்டுக்கு போன் இல்ல, ஒண்ணும் இல்ல. பிரின்சிபல் ஒத்துக்க மூணு மீட்டிங் ஆச்சு. வார்டனா இருக்கறவங்க இதை படிச்சா இந்த ஒண்ணையாவது பண்ணுங்க சார், தண்டனைக்கு பயந்து ஒளியறவனை எண்ண முடியாது.

108க்கு பேசறது எப்படி

பதட்டத்துல "சீக்கிரம் வாங்க சீக்கிரம் வாங்க"ன்னு கத்திட்டு கட் பண்ணிடறாங்க. மாவட்டம், ஏரியா, காலேஜ் பேரு, எந்த கேட், பக்கத்துல என்ன அடையாளம் (பஸ் ஸ்டாப், கோயில், பெட்ரோல் பங்க்), என்ன ஆச்சு, ஆள் மூச்சு விடறாரா நினைவு இருக்கா, இதை சொல்லுங்க. அவங்க கட் பண்ற வரைக்கும் நீங்க கட் பண்ணாதீங்க, டிரைவர் திரும்ப கூப்பிடுவார், அந்த போன்ல வேற யாருக்கும் பேசாதீங்க. வீட்டுக்கு சொல்றது வேற போன்ல.

தீ

சின்ன தீ, குப்பைத்தொட்டி அளவு, உங்க முதுகுக்கு பின்னாடி வெளிய போற வழி இருக்கு, அப்ப மட்டும் எக்ஸ்டிங்குஷர் எடுங்க. பின்னை இழுங்க, ஆறேழு அடி தள்ளி நின்னு தீயோட அடிப்பகுதிக்கு குறி வைங்க, லீவரை அமுக்குங்க, இடவலமா வீசுங்க. மேல எரியற ஜுவாலைக்கு அடிச்சா பவுடர் வேஸ்ட், சின்ன சிலிண்டர்ல சில செகண்ட்லயே தீந்துரும். கார்பன் டை ஆக்சைடு அடிக்கறப்ப கறுப்பு ஹார்னை கையால புடிக்காதீங்க, சில்லுன்னு தோல் ஒட்டிக்கும். எலக்ட்ரிக் தீயில தண்ணி ஊத்தக்கூடாது, கிச்சன் எண்ணெய் தீயிலயும் தண்ணி ஊத்தக்கூடாது, எண்ணெய்க்கு அடுப்பை அணைச்சுட்டு மூடி போட்டு மூடுங்க.

அதுக்கு மேல பெருசுன்னா வெளிய. போறப்ப ரூம் கதவை சாத்திட்டு போங்க, பூட்டாதீங்க, சாத்தின கதவு புகையை கொஞ்ச நேரம் நிறுத்தும். லிஃப்ட் கிட்ட போகவே கூடாது. புகை இருந்தா குனிஞ்சோ தவழ்ந்தோ போங்க, நல்ல காத்து தரைக்கு பக்கத்துலதான். முன்னாடி ஒரு கதவு இருந்தா புறங்கையால தொட்டு பாருங்க, சூடா இருந்தா திறக்காதீங்க. படிக்கட்டு முழுக்க புகைன்னா ரூமுக்கே திரும்பி, கதவு இடுக்குல ஈர டவல் அடைச்சு, ஜன்னல் கிட்ட நின்னு கலர் துணி ஆட்டி கத்துங்க, 101க்கு போன் போட்டு ரூம் நம்பர் சொல்லுங்க. லேப்டாப், சர்டிஃபிகேட் எடுக்க திரும்ப போகாதீங்க. மார்க்‌ஷீட்டுக்கு டூப்ளிகேட் வாங்கிக்கலாம், யுனிவர்சிட்டி ஆபீஸ்ல நாலு நடை நடக்கணும், அவ்வளவுதான்.

இப்ப புதுசா வந்த தலைவலி எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி. பசங்க படிக்கட்டுக்கு கீழ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு சார்ஜ் பண்றாங்க. லித்தியம் பேட்டரி பத்திக்கிட்டா புகையும் தீயும் நேரா மேல படிக்கட்டு வழியாத்தான் ஏறும், அதுதானே நம்ம ஒரே வழி. வெளிய ஷெட்ல சார்ஜ் போடுங்க.

கரண்ட், கேஸ்

இம்மர்ஷன் ராடு. தடை பண்ணாலும் எல்லா ரூம்லயும் கட்டிலுக்கு கீழ ஒண்ணு இருக்கும், எனக்கு தெரியும். சுவிட்சை ஆஃப் பண்ணி பிளக்கை உருவாம பக்கெட்ல கை வைக்காதீங்க, அவ்வளவு பண்ணாலே போதும். யாருக்காவது ஷாக் அடிச்சா இழுக்க ஓடாதீங்க, முதல்ல மெயின் ஆஃப். முடியலைன்னா காஞ்ச கட்டை, பிளாஸ்டிக் ஸ்டூல் வச்சு தள்ளுங்க. போர்டுல ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா தானா கட் பண்ற சுவிட்ச்) இருந்தா அதுல டெஸ்ட் பட்டன் ஒண்ணு இருக்கும், மாசத்துக்கு ஒரு தடவை எலக்ட்ரீஷியனை அமுக்கி பாக்க சொல்லுங்க, ட்ரிப் ஆகலைன்னா அது வெறும் அலங்காரம்.

மெஸ்ல கேஸ் வாசனை வந்தா சுவிட்ச் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது. எல்பிஜி காத்தை விட கனம், தரையில தேங்கும், ரெகுலேட்டரை மூடி கதவு ஜன்னல் திறந்துட்டு எல்லாரும் வெளிய வந்து 1906.

திடீர்னு விழுந்துட்டா

தோளை தட்டி கூப்பிடுங்க. அசைவு இல்ல, மூச்சு இல்ல, இல்லைன்னா மீன் வாயை திறந்து மூடற மாதிரி எப்பவாவது ஒரு மூச்சு இழுக்குது, இது மூச்சே கிடையாது, இங்கதான் நிறைய பேர் "மூச்சு இருக்கு"ன்னு நினைச்சு சும்மா நிக்கறாங்க. ஒருத்தர் 108, இன்னொருத்தர் உடனே சிபிஆர். தரையில மல்லாக்க படுக்க வச்சு, நெஞ்சு நடுவுல உள்ளங்கையோட அடிப்பகுதியை வச்சு, மேல இன்னொரு கையை வச்சு, முழங்கை மடங்காம, 5ல இருந்து 6 செ.மீ ஆழம், நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 அமுக்கு, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வர விடணும். வாயில ஊத தெரியலைன்னா விடுங்க, அமுக்கறது மட்டுமாவது நிக்காம நடக்கணும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்துங்க, பயங்கரமா கை வலிக்கும். கேம்பஸ்ல ஏஇடி மெஷின் (இதயத்துக்கு ஷாக் குடுத்து துடிப்பை சரி பண்ற கருவி) இருந்தா ஒருத்தர் ஓடி எடுத்துட்டு வாங்க, அதுவே பேசி என்ன பண்ணணும்னு சொல்லும்.

ஃபிட்ஸ் வந்தா கையில சாவிக்கொத்து குடுக்கறது, வாயில ஸ்பூன் வைக்கறது ரெண்டும் வேணாம். இரும்புக்கும் ஃபிட்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அது பொதுவா ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நிக்கும், சாவிக்கு பேரு. சுத்தி இருக்கற பொருளை நகத்துங்க, தலைக்கு கீழ சட்டையை மடிச்சு வைங்க, நின்னதும் ஒருக்களிச்சு படுக்க வைங்க, டைம் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா, இல்ல திரும்ப திரும்ப வந்தா, 108. வீசிங் ஆளை படுக்க வைக்காதீங்க, உக்கார வச்சு முன்னாடி சாய விடுங்க.

பாம்பு, நாய்

மரம் நிறைய இருக்கற கேம்பஸ்னா இது ரெண்டும் கூடவே இருக்கும். பாம்பு கடிச்சா இறுக்கி கயிறு கட்டறது, பிளேடு போடறது, வாயால உறிஞ்சறது எதுவும் கூடாது. கடிச்ச கையை காலை அசைக்காம, ஸ்கேல் வச்சு துணியால தளர்வா கட்டி, மோதிரம் கொலுசு வாட்ச் கழட்டிட்டு, நடக்க விடாம தூக்கிட்டு விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்கு, பெரும்பாலும் அது அரசு ஆஸ்பத்திரிதான். பாம்பை அடிச்சு பையில போட்டு எடுத்துட்டு போக வேண்டாம், நம்ம ஊர்ல முக்கியமான நாலு, அதாவது நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான்.

இதுல ஏமாத்தறது கட்டு விரியன். ராத்திரி தரையில பாய் போட்டு தூங்கறவனைத்தான் பெரும்பாலும் கடிக்கும், வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்லு தடம் கூட கண்ணுக்கு தெரியாம போகலாம். விடிகாலையில வயித்து வலின்னு எழுந்திருப்பான், மெஸ் சாம்பார் மேல பழி போட்டுட்டு ஈனோ குடிச்சு படுப்பான். அப்புறம் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் முழுங்க முடியாது. தரையில படுத்தவன் காலையில இப்படி சொன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம கிளம்புங்க. வெயில் காலத்துல மொட்டைமாடி, தரைன்னு படுக்கறீங்கன்னா கொசுவலையை பாய்க்கு கீழ சொருகி படுங்க.

நாய் கடிச்சா, பிறாண்டினா கூட, சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க, கடிகாரம் பாத்து கழுவுங்க, நமக்கு 15 நிமிஷம்னா ரெண்டு நிமிஷம்தான். மஞ்சள், மிளகாப்பொடி எதுவும் வேணாம். அன்னிக்கே ஊசி, அப்புறம் டாக்டர் எழுதி குடுக்கற தேதியில பாக்கி ஊசி. செமஸ்டர் எக்ஸாம்னு நடுவுல விட்றாதீங்க, ரேபிஸ் வந்துட்டா அப்புறம் மருந்து கிடையாது.

மெஸ், லேப், ரோடு

ஒரே ராத்திரி பத்து பேருக்கு வாந்தி பேதின்னா அது மெஸ். யார் என்ன சாப்பிட்டான்னு எழுதுங்க, மிச்ச சாப்பாட்டை கொட்ட விடாதீங்க, டெஸ்டுக்கு வேணும் (முதல்ல கொட்டத்தான் பாப்பாங்க). ஓஆர்எஸ் பாக்கெட் இல்லைன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டின ஸ்பூன். மலத்துல ரத்தம், மயக்கம், சிறுநீர் போகலை, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா ஆஸ்பத்திரி.

லேப்ல கண்ணுல ஆசிட் தெறிச்சா 15 நிமிஷமாவது தண்ணியில கழுவிட்டே இருக்கணும், ஆசிட்டுக்கு மாத்து மருந்துன்னு காரம் ஊத்தி கெமிஸ்ட்ரி பண்ணாதீங்க. தீப்புண்ணுக்கு 20 நிமிஷம் குழாய் தண்ணி, பேஸ்ட்டும் வேணாம் இங்க்கும் வேணாம்.

கேட்டுக்கு வெளிய பைக் ஆக்சிடெண்ட்னா தூக்க பயப்படாதீங்க, உதவி பண்றவங்க பேர் கூட சொல்ல வேண்டியதில்லைன்னு மோட்டார் வாகன சட்டத்துலயே 2019ல 134ஏ பிரிவு சேத்துட்டாங்க. தமிழ்நாட்டுல 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, அதுல சேந்த ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு காசு கேக்கக்கூடாது. இதை தெரிஞ்சவன் ஒருத்தன் கூட போனா பில்லிங் கவுண்டர்ல நேரம் மிச்சம்.

புயல், வெள்ளம்

இது ஒண்ணுக்குத்தான் நமக்கு ரெண்டு நாள் முன்னாடியே நோட்டீஸ் கிடைக்குது. 2016 டிசம்பர் 12 வர்தா அன்னிக்கு சென்னையில ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சுச்சு, நல்லா மரம் வளத்த கேம்பஸ்தான் அதிகமா அடி வாங்குச்சு. நோட்டு செல்லாம போன மாசத்துக்கு அடுத்த மாசம் வேற, கையில காசும் இல்ல, கார்டு தேய்க்க கரண்டும் இல்ல, டவரும் இல்ல. அதனால சில்லறையா 500 ரூபாயாவது எடுத்து வைங்க. ஹாஸ்டல்ல முதல்ல தீர்றது சாப்பாடு இல்ல, தண்ணி. கரண்ட் போனா மோட்டார் ஓடாது, முந்நூறு பேர் இருக்கற பிளாக்ல ஓவர்ஹெட் டேங்க் அரை நாள்ல காலி, அதுக்கப்புறம் டாய்லெட் நிலைமை சொல்ல வேணாம். எச்சரிக்கை வந்த அன்னிக்கே எல்லா பக்கெட்டையும் ரொப்பி வைங்க, குடிக்கற தண்ணியை தனியா. வண்டியை மரத்துக்கு கீழ இருந்து எடுங்க. பேஸ்மெண்ட்ல ஜெனரேட்டர் இருந்தா தண்ணி ஏறினா அது செத்துரும்னு மெயின்டனன்ஸ்ல இப்பவே கேளுங்க. காத்து சட்டுனு நின்னா புயல் போயிருச்சுன்னு செல்ஃபி எடுக்க வெளிய போகாதீங்க, அது புயலோட கண்ணா இருக்கலாம், எதிர்ப்பக்கத்துல இருந்து திரும்ப அடிக்கும். தேங்கின தண்ணியில நடக்கறது கடைசி வழி, கம்பி எங்க அறுந்து கிடக்குதுன்னு தெரியாது.

சத்தமே இல்லாத அவசரம்

அரியர் ரிசல்ட் வந்த அன்னிக்கு, வீட்டுல ஏதோ நடந்தப்புறம், ஒருத்தன் சாப்பிட வரல, பொருளை எல்லாம் யாருக்கோ குடுக்கறான், "இனிமே நான் தொல்லையா இருக்க மாட்டேன்"ங்கற மாதிரி பேசறான்னா நேரா கேளுங்க, "டேய், செத்துரலாம்னு தோணுதா?"ன்னு. கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துராது, கேட்ட ஆளு ஒருத்தன் இருக்கான்னுதான் தெரியும். அட்வைஸ் வேணாம், கேளுங்க போதும். தனியா விடாதீங்க, ஷிஃப்ட் போட்டு கூட இருங்க, 14416க்கு கூட உக்காந்து போன் போடுங்க, 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க. "யார் கிட்டயும் சொல்லாதே"ன்னு சத்தியம் வாங்கினா அந்த சத்தியத்தை மீறுங்க. கோவிச்சுக்குவான், கோவிச்சுக்கட்டும்.

எல்லாம் முடிஞ்சப்புறம்

வீட்டுக்கு யார் போன் பண்றதுன்னு ஒருத்தரை முடிவு பண்ணுங்க, பத்து பேர் பத்து விதமா சொன்னா ஊர்ல இருக்கற அம்மா பாதி வழியிலயே விழுந்துருவாங்க. "எந்த ஆஸ்பத்திரி, இப்ப எப்படி இருக்கான், யார் கூட இருக்காங்க", இந்த மூணை சொல்லுங்க. அடிபட்டவங்களை வீடியோ எடுத்து குரூப்ல போடறவன் போனை வாங்கி டெலிட் பண்ண வைங்க, வாட்ஸ்அப்ல "நாலு பேர் அவுட்டாம்"னு வர்றதுக்கு பதிலா மாடி ரெப் ஒருத்தர் மட்டும் உறுதியானதை போடட்டும். ஒரு வாரத்துக்குள்ள எல்லாரும் உக்காந்து எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சு, எங்க லேட் ஆச்சுன்னு எழுதுங்க, யார் தப்புன்னு எழுதாதீங்க, எழுதினா அடுத்த தடவை எவனும் வாயை திறக்க மாட்டான்.

எங்க பின்பக்க கேட் விஷயத்தையும் அப்படித்தான் எழுதி குடுத்தோம். இப்ப அந்த சாவி ராத்திரி பத்து மணியில இருந்து செக்யூரிட்டி கூண்டுல ஒரு ஆணியில தொங்குது, செவப்பு ரிப்பன் கட்டி, பக்கத்துல எந்த ஹாஸ்டல் எங்க இருக்குன்னு கையால வரைஞ்ச மேப் ஒண்ணு, டூட்டி மாறும்போது புதுசா வர்ற அண்ணன் அதுல கையெழுத்து போட்டுட்டுத்தான் உக்காரணும்.